ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு பலகை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் தரையில் நின்று தொடக்கூடாது. பலகை மேல் ஏறி நின்றுதான் தொட வேண்டும். திண்டுக்கல் பேகம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இது சட்டம். மற்ற வீடுகளில் அப்படி ஒரு சட்டம் கிடையாது என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஃபிரிட்ஜ் வாங்கினால் கூடவே பலகையும் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தா சவுதியிலிருந்து லீவில் வந்தபோது ஆசை ஆசையாக வாங்கிய ஃபிரிட்ஜ் அது. வந்த அன்றே தண்ணீர் பாட்டில் எடுக்கப் போன அம்மா, "யா அல்லா!" என்று கையை உதறினாள். வயரிங் வேலை செய்கிறவர் வந்து பார்த்தார். வீட்டில் எர்த்தே இல்லை, முற்றத்தில் குழி தோண்டிக் கரியும் உப்பும் கொட்டி பைப் இறக்க வேண்டும் என்றார். வீட்டுக்காரரோ, முற்றத்தில் கடப்பாரை பட்டால் பழைய சுவர் உட்கார்ந்துவிடும் என்று ஒரே பிடியாக நின்றார். அத்தாவுக்கு லீவு முடிய மூன்று நாள்தான் பாக்கி. சண்டை போடவும் அவருக்கு வராது. எங்கிருந்தோ ஒரு மாம்பலகையை அறுத்து வாங்கி வந்து ஃபிரிட்ஜுக்கு முன்னால் போட்டார்.

"அடுத்த லீவுல வந்து எர்த் போட்ருவோம். அதுவரைக்கும் இதுல நின்னு தொறங்க, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவிட்டு சவுதிக்குப் போய்விட்டார்.

வயரிங்காரர் மட்டும் அம்மாவிடம், "அக்கா, யாரையாச்சும் கரண்டு புடிச்சிருச்சுன்னா கையால தொட்டு இழுத்துராதீங்க. காஞ்ச கட்டையால தட்டி விடுங்க" என்று எச்சரித்திருந்தார். அம்மா தலையை ஆட்டினாள். பக்கத்தில் நின்ற நானும் ரொம்பப் புரிந்த மாதிரி ஆட்டினேன்.

அப்போது நான் மூன்றாவது படித்தேன். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் வகுப்பு எடுத்துவிட்டு ஆறு மணிக்குத்தான் வருவாள். நான் நாலேகாலுக்கே வந்துவிடுவேன். சாவி என் கழுத்துக் கயிற்றில் தொங்கும். கதவைத் திறந்தால் வீடு கம்மென்று கிடக்கும். "நான் வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்வேன். யாருக்குச் சொன்னேனோ! பதிலுக்கு ஃபிரிட்ஜ் மட்டும் சில நாள் உர்ரென்று ஓட ஆரம்பிக்கும்.

ஒருநாள் அதைத் திறக்கும்போது பலகையிலிருந்து கால் நழுவித் தரையில் பட்டது. இரும்புக் கைப்பிடியில் இருந்த என் விரலில் விறுவிறுவென்று ஏதோ ஓடியது. வலிக்கவில்லை. அத்தா லீவில் இருக்கும்போது, சவரம் செய்யாத தாடையை என் உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார். நான் கூச்சம் தாங்காமல் கத்துவேன். அச்சாக அதே மாதிரி இருந்தது.

அது அத்தாதான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். சவுதியில் இருப்பவர் ஃபிரிட்ஜுக்குள் எப்படி இருப்பார் என்று கேட்டால், போனுக்குள் எப்படி இருந்தாரோ அப்படித்தான். அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பையைப் போட்டுவிட்டு, பலகையைத் தள்ளி வைத்து, ஒரு விரலால் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வேன். கணக்கில் முட்டை வாங்கியதைக்கூட அவரிடம் மட்டும்தான் சொன்னேன்.

ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. தலையிலிருந்து பாதம்வரை சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தேன். தெருவில் கரண்டு இல்லை. ஆறு மணி ஆகியும் அம்மாவைக் காணோம். இடி வேறு. பயத்தில் ஃபிரிட்ஜைத் தொட்டேன். விறுவிறுப்பு இல்லை. அத்தாவும் இல்லையா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரத் தரையில் நின்றபடி கைப்பிடியைக் கை முழுவதும் கொடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் வரும்வரை விடுவதில்லை என்று ஒரு வீம்பு.

கரண்டு வந்தது.

விரல்கள் தாமாகவே கைப்பிடியைக் கவ்விக்கொண்டன. கத்தினேன், சத்தம் வரவில்லை. அப்போதுதான் உள்ளே நுழைந்த அம்மா குடையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். என்னை நோக்கி நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு அந்தப் பலகையை எடுத்து என் முழங்கையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். நான் எங்கோ போய் விழுந்தேன். அம்மா என்னை மடியில் அள்ளிப் போட்டு அழுதாள். பெற்ற பிள்ளையைத் தொடாமல், கட்டையால் அடித்துவிட்டு, பிறகு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு ஒரே கோபம்.

மறுநாள் காலையில் அம்மா கடப்பாரை வாங்கிவந்து முற்றத்தைத் தோண்ட ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அம்மா நிமிரவே இல்லை.

"செவுரு விழுந்தா கட்டிக்கிரலாம்ணே. எம்புள்ள விழுந்தா?"

அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். வயரிங்காரர் வந்து எர்த் போட்டார். பலகையை அம்மா உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு விரலால், பிறகு கை முழுவதும். சும்மா சில்லென்று இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. வீட்டில் இனி யாருமே இல்லை என்று அப்போதுதான் நிஜமாகப் பட்டது. தேம்பித் தேம்பி அழுதேன். முழங்கை வலி என்று நினைத்து அம்மா தைலம் தேய்த்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் தெருமுனை மளிகைக்கடைக்கு அத்தாவின் போன் வரும். போகிற வழியில் அம்மா, "ஷாக் அடிச்சத அத்தாட்ட சொல்லிராத. அங்க ஒத்தையில கெடக்குற மனுசன்" என்றாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அம்மா பேசி முடித்து, ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு, சாமான் வாங்கத் திரும்பினாள்.

நான் சத்தியத்தை மீறவில்லை. ஷாக் என்ற சொல்லை வாயில் எடுக்கவே இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு இதைத்தான் கேட்டேன்.

"அத்தா, இப்பல்லாம் ஏன் ஃபிரிட்ஜுக்கு வரமாட்டேங்கிறீங்க? தெனமும் பலகைய விட்டு எறங்கி நின்னு தொடுவேன்ல, என் கையில தாடி தேய்ப்பீங்கல்ல? அம்மா பலகைய அடுப்புல வச்சிருச்சு. இப்ப எம்புட்டு நேரம் புடிச்சாலும் நீங்க வரமாட்டேங்கிறீங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அத்தா, அத்தா" என்று ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ரிசீவரை வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது, அத்தா கடைசியாக என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. லைன் கட்டாயிருச்சு" என்றேன்.

லைன் கட்டாகவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.