தூக்க வேண்டிய வண்டிகள்

வண்டி திருட்டுப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாகனப் பதிவு அலுவலகத்தில் வேலைக்காலம் முழுவதும் அதைத்தான் முகப்பில் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி திருடுவதை மட்டும் பென்சன் வாங்கிய பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதுவும் கணினியில்.

நான் ஆடும் இணைய விளையாட்டில் தினமும் ஒரு பலகையில் சில வண்டிகளின் பெயர்கள் வரும். அவற்றைத் தேடிப் பிடித்துத் துறைமுகத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தெருவில், குறிப்பிட்ட பொழுதில்தான் தென்படும். என்னோடு ஆடுபவர் பக்கத்து ஊரான லிங்கியில் இருக்கும் நண்பர். எஸ்டேட் கிளினிக்கில் டிரெஸ்ஸராக ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். அவருக்கு வண்டி தெரியும், தெரு தெரியாது.

“எவன் எவன் பேரையோ ரோட்டுக்கு வச்சிருக்கானுங்க. நம்ம ஊரா இருந்தா கண்ண மூடிக்கிட்டே போவேன்லா” என்று புலம்புவார்.

அவருக்காக ஒரு தேடல் பக்கம் செய்தேன். வண்டியின் பெயரைத் தட்டினால் இருக்குமிடம் தமிழில், எங்கள் வட்டாரத்து ஊர்ப் பெயர்களோடு வரும். விளையாட்டின் துறைமுகத்துக்குப் போர்ட்டிக்சன் என்று பெயர் வைத்தேன். தொழிற்சாலைகள் இருந்த பகுதி சுங்கை காடுட். ஆற்றுப் பாலம் லிங்கி. மரங்கள் அடர்ந்த நாட்டுப்புறச் சாலை, நான் குடியிருக்கும் லாபு. தலைப்பில் ‘இன்று தூக்க வேண்டிய வண்டிகள்’ என்று போட்டேன். எங்கள் பக்கம் வண்டியைத் திருட மாட்டார்கள், தூக்குவார்கள். பதிவேடுகள் எழுதிப் பழகிய கை, குறிப்பும் சேர்த்தது: ‘லாபு. வெள்ளை வேன். சாப்பாடு விற்கும் இடம். காலையில் மட்டும். ஓட்டுநர் இறங்கும்வரை காத்திருக்கவும். கண்ணாடியை உடைக்க வேண்டாம், சத்தம் எழும்பும்.’

தெளிவான குறிப்புதான். அதுதான் வினை.

ஒரு காலை பசியாற உட்கார்ந்தபோது என் குறிப்பு எனக்கே வந்து சேர்ந்தது, எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில். டிரெஸ்ஸர் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவதாக நினைத்து எஸ்டேட் கோயில் குழுவில் போட்டுவிட்டார். அங்கிருந்து அது கிளம்பிவிட்டது. விளையாட்டின் பெயர் இருந்த மேல்பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். கீழே, ‘திருட்டுக் கும்பலின் லிஸ்ட். எல்லாருக்கும் அனுப்பவும்.’

லாபு சந்திப்பில் வெள்ளை வேனில் சாப்பாடு விற்பது ஒரே ஒரு அம்மாள்தான். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்க நான் போகும் வேன் அது. குறிப்பு எழுதும்போது அந்த வேன் என் நினைவுக்கே வரவில்லை.

தட்டைத் தள்ளி வைத்தேன். முறைப்படி ஒரு மறுப்பு எழுத உட்கார்ந்தேன். பொருள், விளக்கம், வருத்தம். இரண்டாம் பத்தியில் இருந்தபோது குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது: “புடிச்சாச்சு! வேனைச் சுத்திச் சுத்திப் பாத்து நம்பர போட்டோ எடுத்தான். சந்திப்புக்கு வாங்க!”

காரில் போனேன். போய்ச் சொன்னால் என்னை என்னவென்று நினைப்பார்கள்? இந்த மாவட்டத்து வண்டிகளின் விவரமெல்லாம் கையாண்டவன். கும்பலுக்குத் தலைவன் வேண்டுமென்றால் என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்?

வேனுக்குப் பக்கத்தில் ஒருவர் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். சட்டைக் காலர் கிழிந்திருந்தது, உதட்டில் ரத்தம். தோட்டத்திலிருந்து நேராக வந்த ஒருவன் செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் பூட்டிய கம்பைப் பிடித்திருந்தான். அந்த அம்மாள் வேனுக்குள் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, நான் சுங்கை காடுட் பேக்டரி சூப்பர்வைசர்ணே. கேண்டீனுக்குச் சாப்பாடு ஆர்டர் குடுக்க வந்தேன். கேட்ல வண்டி நம்பர் கேப்பாங்க, அதான் போட்டோ…”

“சுங்கை காடுட்டா? அதுவும் லிஸ்ட்ல இருக்குடா!” என்று அரிவாள்காரன் கம்பை அவர் பக்கம் திருப்பினான்.

“அந்த லிஸ்ட் நான் எழுதுனது” என்றேன்.

தரையில் இருந்தவரை விட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கம்பும் என் பக்கம் திரும்பியது.

“சாரா? நீங்களா சார்?”

“அது கேம். கம்ப்யூட்டர்ல ஆடுற கேம்.”

“காட்டுங்க.”

கைப்பேசியில் பக்கத்தைத் திறந்தேன். சந்திப்பில் லைன் எப்போதும் மோசம். திரையில் வட்டம் சுற்றியது. அரிவாளின் முனையில் பச்சைச் சாறு காயாமல் இருந்தது. தரையில் இருந்தவரும் நானும் அந்த வட்டத்தையே பார்த்தோம். இருவருக்கும் அதைத் தவிர வேறு போக்கில்லை.

படம் வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு வேன், பக்கவாட்டில் சிரிக்கும் ரொட்டி. கைப்பேசி கை மாறிப் போனது. ஒருவன் சிரித்தான்.

“இந்த வயசுல கார் தூக்குறீங்களா சார்?”

“தோட்டம் வெக்கலாம்லா, மீன் வளக்கலாம்லா” என்றான் இன்னொருவன்.

கம்பு தாழ்ந்தது. சூப்பர்வைசரை எழுப்பி நிறுத்தி, பிடுங்கி வைத்திருந்த அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் எல்லோர் கண்முன்னும் வேனின் படத்தை அழித்தார். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அந்த அம்மாள் நீட்டிய தண்ணீரை வாங்காமல் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிப் போய்விட்டார். ஆர்டரைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டேன். ‘தூக்க’ என்பதைச் ‘சேகரிக்க’ என்று மாற்றினேன்.

“ஒண்ணும் வெளங்கலைலா” என்று டிரெஸ்ஸர் குறைப்பட்டார்.

“வெளங்க வேணாம்” என்றேன்.

மறுநாள் காலை நாசி லெமாக் வாங்கச் சந்திப்புக்குப் போனேன். அந்த அம்மாள் வழக்கம்போல, “சார், ஒண்ணா ரெண்டா?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே முன்பக்கம் எட்டி, வேன் சாவியை உருவி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். அப்படிச் செய்தது அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். மறு கையால்தான் பொட்டலம் கட்டினாள்.