எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும்

ஆவடியில் தேவராஜைவிட அதிகமாக மன்னிப்புக் கடிதம் எழுதிய ஆள் இருக்க வாய்ப்பில்லை. அதற்கு ஒரு போட்டி வைத்திருந்தால் கோப்பையோடு வீட்டுக்கு வந்திருப்பார். வந்த வழியில் அதைத் தொலைத்துவிட்டு, அதற்கும் ஒரு கடிதம் எழுதியிருப்பார்.

பாக்டரியில் அவருக்குக் காண்ட்ராக்ட் வேலை. ராணுவ டாங்கிக்குப் பச்சை பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் இரும்பைத் துரு போகத் தேய்க்க வேண்டும். தேய்க்கிற ஆள் தேவராஜ். உள்ளே எதற்கெடுத்தாலும் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். கேட் பாஸை மறந்தால் எழுது. கையுறை கிழிந்தால் எழுது. ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தால், சொறிந்ததற்கும் எழுது. முதல் தடவை எழுதச் சொன்னபோது அவருக்குக் கை உதறியது. சின்ன வயதில், ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை அன்று நாற்று நட ஆள் பத்தவில்லை என்று வீட்டில் நிறுத்தினார்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

"இன்னாத்துக்குய்யா ஒதர்ற?" என்றார் சூப்பர்வைசர் சம்பத். "தப்ப முழுசா உம்மேல போட்டுக்க. கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்டுக்க. அப்பதான் மேல கீறவனுக்கு மனசு எறங்கும். படிச்சிட்டு கிழிச்சிப் போட்டுட்டுப் போயிடுவான்."

அப்படியேதான் நடந்தது. கால் மணி நேரம் தாமதமாகப் போனால் தேவராஜ் 'என் சோம்பேறித்தனத்தால்' என்று எழுதினார். ஸ்பேனர் காணாமல் போனால் 'என் பொறுப்பற்ற செயலால்' என்று எழுதினார். அந்த ஸ்பேனரை எடுத்தவன் அதைப் படித்துவிட்டு வெட்கப்பட்டுத் திருப்பி வைத்தான். எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும். சாமி கும்பிடுவதில்கூட தேவராஜுக்கு இவ்வளவு நம்பிக்கை கிடையாது.

அவருடைய மகன் பரத் பன்னிரண்டாவது படித்தான். பரத் நல்ல பையன் என்று சொன்னால் அவனே சிரிப்பான். வாத்தியார் நாற்காலியில் பபிள்கம் ஒட்டுவது போன்ற பழைய சரக்கெல்லாம் அவன் தொடுவதில்லை. எதையாவது புதிதாகச் செய்ய வேண்டும், யாருக்கும் அடிபடக் கூடாது, எல்லாரும் சிரிக்க வேண்டும். அவனுக்கு அதுதான் கணக்கு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கடிகாரம் இருந்தது. ஆனால் பியூன் நாகப்பன் அதைப் பார்க்க மாட்டார். பாக்டரியில் நாலு மணிச் சங்கு ஊதும். ஊதினதும் இவர் மணியடிப்பார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். சங்கு கேட்டால் டீ போடுவார்கள், சங்கு கேட்டால் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவார்கள். பரத் அந்தச் சங்கைப் போனில் பதிவு செய்துகொண்டான். செய்முறைத் தேர்வு முடிந்த அன்று, பிரேயர் மைக்கில் அதைப் போட்டுவிட்டான். அப்போது மணி இரண்டரை.

நாகப்பன் தூக்கத்திலிருந்து எழுந்து மணியை அடி அடியென்று அடித்தார். ஒண்ணாம் கிளாஸ் வாண்டுகள் தண்ணீர் பாட்டிலைச் சுழற்றிக்கொண்டு வெளியே ஓடின. வாத்தியார்களும் ஓடினார்கள், கொஞ்சம் கௌரவமாக. ஒரு முட்டியில்கூடச் சிராய்ப்பு இல்லை. ஆனால் போன வருஷம்தான் ஊரில் போர்க்கால ஒத்திகை என்று சைரன் ஊதிக் காட்டியிருந்தார்கள். யாரோ ஒரு அம்மா பயந்துபோய் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்.

மறுநாள் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் தேவராஜையும் பரத்தையும் கூப்பிட்டார். அவர் ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. "பையனக் கண்டிச்சு வைங்க" என்றுதான் ஆரம்பித்தார். தேவராஜே முந்திக்கொண்டு ஒரு வெள்ளைத்தாள் கேட்டார்.

"வேணாம் நைனா. அவரு கேக்கவே இல்ல" என்று பரத் காதைக் கடித்தான்.

"நீ வாய மூடு. இது உனுக்குத் தெரியாது, எனுக்குத் தெரியும். எழுது. 'நான் வேண்டுமென்றே…'"

"வேணும்னே எழுதணுமா?"

"எழுதுடா. 'திட்டமிட்டு.' போட்டியா? 'எல்லோருக்கும் பயம் உண்டாக்கும் நோக்கத்துடன்.'"

"நைனா, எவனும் பயப்படல. ஜாலியா ஓடினானுங்க."

"ஜாஸ்தியா எழுதினாத்தான்டா மனசு எறங்கும்."

பரத் எழுதினான். அப்பாவின் முகத்தைப் பார்த்தபிறகு அவனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த முகத்தில் பயமே இல்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அன்று இருந்த அதே பெருமிதம். கீழே தேவராஜ் கையெழுத்துப் போட்டார், ரேங்க் கார்டில் போடுவதுபோல, அடியில் கோடிழுத்து இரண்டு புள்ளி வைத்து.

கரஸ்பாண்டென்ட் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கிழிக்கவில்லை.

அன்று சாயங்காலமே போலீஸ் வந்தது. கரஸ்பாண்டென்ட் கொடுத்த புகாரில் இருந்த வார்த்தைகளெல்லாம் தேவராஜ் சொல்லச் சொல்ல எழுதியவை. பரத்துக்குப் போன மாதம்தான் பதினெட்டு முடிந்திருந்தது. அவன் அம்மா அனுசுயா அந்தப் பிறந்தநாளுக்குக் கேசரி கிண்டியிருந்தாள். வயது கூடினால் இப்படியும் ஒன்று உண்டென்று யாருக்குத் தெரியும்? கேசரி தின்ற பையன் புழல் ஜெயிலுக்குப் போனான்.

மனு போட்டுப் பார்க்கப் போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பரத் சிரிக்கப் பார்த்தான். "உள்ள சங்கெல்லாம் இல்லம்மா, பெல்லுதான். அதுவும் கரெக்ட் டைமுக்கு அடிக்கிறானுங்க. நாகப்பண்ணன இங்க ஒரு மாசம் ட்ரெயினிங் அனுப்பணும்." சொல்லி முடிப்பதற்குள் கீழுதடு அவன் பேச்சைக் கேட்கவில்லை. சட்டைக் காலரை இழுத்துக் கடித்துக்கொண்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அனுசுயா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இத்தினி வருசமா எழுதிக் குடுத்துகினே கீறியே, ஒரு நாளாவது 'நான் இல்ல'ன்னு எழுதினியாய்யா?"

தேவராஜ் யோசித்துப் பார்த்தார். ஸ்பேனர் ஞாபகம் வந்தது.

வக்கீல் ஜெயப்பிரியா சின்னப் பெண். கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு, "யாருங்க இத எழுதச் சொன்னது?" என்றாள்.

"நான்தாம்மா."

"'திட்டமிட்டு'ன்னுமா?"

"அதுவும் நான்தான்."

"கீழ கையெழுத்து?"

"அப்பா போடணும்ல?"

அவள் நகலை மடித்து மேஜையில் வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். "உங்க பையனுக்கு எதிரா போலீஸ் காட்டியிருக்கிற சாட்சியில ரெண்டாவது பேரு உங்களுது."

அதற்குப் பிறகு தேவராஜ் எங்கேயும் கையெழுத்துப் போட முடியாமல் தவித்தார். பாக்டரியில் சம்பளத்துக்குப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர்கள், "அண்ணாத்தே, கல்யாணப் பத்திரிகையா எழுதற?" என்று சத்தம் போட்டார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் ஜாமீன் கிடைத்தது. ஒரு நிபந்தனை: மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பொதுத்தேர்வு காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒன்றேகாலுக்கு முடியும். ஜெயப்பிரியா நேரத்தை மாற்றச் சொல்லி மனுப் போட்டாள். அது விசாரணைக்கு வருவதற்குள் இரண்டு பரீட்சை போய்விடும் என்றாள்.

ஸ்டேஷனில் ஏட்டு வீராசாமியிடம் தேவராஜ் கெஞ்சிப் பார்த்தார். வீராசாமி மோசமான ஆள் இல்லை. "கோர்ட்டு ஆர்டருய்யா. எம்பொண்ணும்தான் பரீட்ச எழுதறா. நான் இன்னா பண்ண?" என்றார்.

"வுடு நைனா" என்றான் பரத். "அப்பாலிக்கா எழுதிக்கலாம். ஜூன்ல துணைத்தேர்வு கீது."

அந்த 'அப்பாலிக்கா', நாற்று நட நிறுத்திய அன்று கேட்ட அதே 'அப்புறம்', தேவராஜைச் சோறு தின்ன விடவில்லை.

தமிழ்ப் பரீட்சை அன்று காலையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "வக்கீலம்மாதான் பேசினாங்க. டைம மாத்திட்டாங்களாம். பரீட்ச முடிச்சிட்டு வந்து போட்டாப் போதுமாம். கெளம்பு."

பரத் சந்தேகமாகப் பார்த்தான். "நெசமாவா நைனா?"

"எழுதிக் குடுக்கட்டுமா?"

பரத் விழுந்து விழுந்து சிரித்தான். அடுப்படியில் நின்ற அனுசுயாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. பையன் ஹால் டிக்கெட்டோடு ஓடினான்.

பத்தரைக்கு ஸ்டேஷனில் வந்து நின்றது தேவராஜ்.

"பையன் எங்கய்யா?"

"பரீட்சைக்கு அனுப்பிட்டேன் சார். டைம் மாத்திட்டாங்கன்னு பொய் சொல்லி அனுப்பிட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. எது பண்றதா இருந்தாலும் என்னப் பண்ணுங்க."

வீராசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்ஸ்பெக்டர் கேட்டா நான் இன்னான்னு சொல்றது? ஜாமீனே கேன்சலாயிடும்யா."

"எழுதிக் குடுக்கறேன் சார்."

"நீ எழுதிக் கிழிச்சது போதாதா?" என்று கத்தினார் வீராசாமி. ஆனாலும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார்.

தேவராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார். எத்தனையோ கடிதம் எழுதிய கை. 'நான்' என்று ஆரம்பிக்கலாமா? ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை பையனைக் காப்பாற்றுமா, இன்னும் உள்ளே தள்ளுமா? உண்மையை உள்ளபடி எழுதினாலும் இவர்கள் வேறு எதையாவது படித்துவிடுவார்களோ? பேனா காகிதத்தில் படவே இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தார், கேட்டார். "வரலேன்னா வரலேன்னு ரிப்போர்ட் போடுய்யா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். வீராசாமி ரிப்போர்ட் போட்டார். அது கோர்ட்டுக்குப் போனது. காகிதம் தேவராஜின் மடியிலேயே வெள்ளையாக இருந்தது.

பரீட்சை முடிந்ததும் பரத் விசிலடித்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு வந்தான். வாசற்படியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். விசில் நின்றது.

"டைம் மாத்தல. அதான நைனா?"

"மாத்தலடா."

வீராசாமி நோட்டைத் தள்ளினார். "போடு. வந்த டைமையும் போடு. நாளைக்குக் கோர்ட்டுல ஆஜராவணும். மறுபடி உள்ள அனுப்புறதும் வெளிய வுடுறதும் ஜட்ஜு கையில. இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் எங்கயும் போவாத, உக்காரு."

பரத் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டவில்லை. மடியிலிருந்த வெள்ளைத்தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

"எப்டிடா எழுதின?"

"ஒரு கேள்வி வுட்டுட்டேன் நைனா. பதில் தெரியும். தெரிஞ்சதெல்லாம் எழுதக் கூடாதுன்னு இப்பதான கத்துகினேன்."

தேவராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. மகனின் முழங்கையில் ஒட்டியிருந்த பேனா மையை எச்சில் தொட்டுத் துடைத்தார். பரத் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இன்ஸ்பெக்டர் வரவில்லை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பாக்டரியில் நாலு மணிச் சங்கு ஊதியது. ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லாரும் வழக்கம்போல வாட்சைப் பார்த்தார்கள். யாரோ டீக்குக் குரல் கொடுத்தார்கள்.

பரத் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தான். இரண்டு கையும் தலைக்கு மேலே போயிருந்தன.

"சார், நான் இல்ல சார்! நெசமா நான் இல்ல!"

ஒருவரும் சிரிக்கவில்லை. வீராசாமி மேஜையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். சங்கு ஊதி ஓயும்வரை அந்தக் கைகள் இறங்கவே இல்லை. தேவராஜ் எழுந்து, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கி, விடாமல் பிடித்துக்கொண்டார்.