சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு

லத்தியின் நுனியால் சுவரைத் தட்டினார், காது கொடுத்துக் கேட்டார், குறிப்பேட்டில் எழுதினார், ஓரடி நகர்ந்து மறுபடி தட்டினார். உடம்பில் காக்கி இல்லாவிட்டாலும் ஏட்டம்மா ஏட்டம்மாதான். தலைமைக் காவலர் கனகலட்சுமிக்குச் சுவரும் சந்தேகத்துக்குரிய நபரே.

மம்சாபுரத்துக்காரர். முப்பது வருடமாகப் போலீஸ் குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். ஆணி அடிக்கக்கூட எழுதிக் கேட்க வேண்டிய சுவர்கள். இந்த மாதக் கடைசியில் ஓய்வு. சாவியை ஒப்படைத்தாக வேண்டும். அவர் கைக்கு எட்டியது ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தில் இருக்கும் இந்த நூறு வருட வீடு ஒன்றுதான். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஆறு வீடுகளில் நான்காவது. பத்தடி அகலம், தேக்கு உத்தரம், உதிரும் சுண்ணாம்புக் காரை, மச்சில் முளைத்த ஓர் அரசங்கன்று. "எம்புட்டு வேலை இருந்தாலும் பாத்துக்கிடலாம். ஆணி அடிக்க எவன்ட்டயும் கேக்க வேண்டாம்ல" என்பார்.

அவர் நடத்திய விசாரணைக்கு, விற்கிறவர்கள் ஓடிப்போகாததே ஆச்சரியம். முப்பது வருட வில்லங்கம் பார்த்தார். தெருவில் யார் குடிப்பார், எந்த நாய் கடிக்கும் என்பதெல்லாம் குறிப்பேட்டில் உண்டு. கோட்டைவிட்டது ஒன்றைத்தான். எப்போதும் டூட்டி முடிந்து சாயங்காலமே வந்தார். இன்று பதினோரு மணிக்குப் பத்திரப்பதிவு. சாட்சிக் கையெழுத்துக்கு, கூட வேலை பார்க்கும் என்னை அழைத்திருந்தார். கடைசியாக ஒருதரம் பார்த்துவிடலாம் என்று முதன்முறையாகக் காலையில் வந்திருந்தோம்.

லத்தி நின்றது. சுவரில் உள்ளங்கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஸ்டூலில் ஏறி, உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுரண்டினார். மரம் கரியாக உதிர்ந்தது. அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சங்கரலிங்கத்தின் பால்கோவா அடுப்பு. புகைபோக்கி சுவரை ஒட்டியே மேலே போகிறது. சாயங்காலத்தில் அடுப்பு ஆறிவிடும், சுவரும் ஆறிவிடும். இரண்டு வீட்டு மச்சுக்கும் அந்த ஒரே உத்தரம்தான். சங்கரலிங்கம் அடுப்பை அணைத்து, தன் மச்சையும் பிரிக்கச் சம்மதித்தால்தான் அதை மாற்ற முடியும். இல்லையென்றால் இந்த வீடு இல்லை. அடுத்த வீட்டுக்குப் போனோம்.

சங்கரலிங்கம் பாலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆடிப்பூரம் வருது. இப்பப் போயி அடுப்ப அணைக்கச் சொல்லுதீக. எங்கய்யா காலத்துல இருந்து இங்கதான் கிடக்கு. கேஸ் போடணும்னா போடுங்க, ஏட்டம்மா."

"கேஸ் போட வரல. செத்த நேரம் வந்து அந்த உத்தரத்தப் பாருங்க."

"பால விட்டுட்டா? அடிப்பிடிச்சிரும்."

மணி பத்தே முக்கால். கனகலட்சுமி லத்தியை என்னிடம் கொடுத்தார். சங்கரலிங்கம் கையிலிருந்த துடுப்பை வாங்கினார்.

"நான் கிண்டுறேன். போயிட்டு வாங்க, அண்ணாச்சி."

எனக்குத் தெரிந்து அவர் யாரையும் அப்படிக் கெஞ்சியதில்லை. சங்கரலிங்கம் தயங்கித் தயங்கிப் போனார். ஏட்டம்மா வாசல் பக்கம் திரும்பவே இல்லை. வியர்வை வழிய வழியக் கிண்டிக்கொண்டிருந்தார். நான்தான் வாசலையும் மணியையும் மாறிமாறிப் பார்த்தேன்.

திரும்பி வந்தவரின் விரல்கள் கறுத்திருந்தன. "நானும் பிள்ளைகளும் அதுக்கு அடியிலதான படுக்கோம்" என்றார். குனிந்து, எரிகிற விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். "அடுப்பப் பொறவாசலுக்குக் கொண்டு போயிருதேன். மச்சையும் பிரிச்சிருவோம். இந்தப் பால முதல்ல அங்க எறக்கணும்."

சட்டியின் ஒரு காதைத் துண்டால் பிடித்தார். பதிவுக்கென்று கட்டிவந்த பட்டுச்சேலையின் முந்தானையைச் சுருட்டி, ஏட்டம்மா மறு காதைப் பிடித்துத் தூக்கினார்.