பதினோரு பக்கங்களைப் படித்தவர்

உதடுகளுக்கிடையே குண்டூசிகள் இருக்கும்போது அவரிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. கேட்டால் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "இப்ப சொல்லு" என்பார். அதற்குள் கேட்டவருக்குப் பாதி மறந்துபோயிருக்கும். யோசித்துவிட்டுப் பேசட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

தெருவுக்கு அவர் டெய்லரக்கா. நகரமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர். கடைக்குள் ஒரு தையல் மெஷின், ஒரு மேசை. வாசலில் சட்டை மாட்டிய பொம்மை. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும்.

பிரசவ ஆஸ்பத்திரியை இடித்துவிட்டுக் கடைகள் கட்டும் தீர்மானம் பதினோரு பக்கம். கட்சி உறுப்பினர்களில் அதைப் படித்தவர் அவர் மட்டும். புது ஆஸ்பத்திரிக்கான இடம் எட்டாம் பக்கத்தில் இருந்தது. ஊருக்கு வெளியே பதினாலு கிலோமீட்டர். வலி வந்தவள் எதில் போவாள் என்று மாவட்டச் செயலாளரிடம் கேட்டார். செயலாளர் கடைக்கே வந்து பொறுமையாக விளக்கினார்.

"அக்கா, யோசிக்கறதுக்கு மேல ஆளுங்க இருக்காங்க. நீங்க கையத் தூக்குனா போதும்."

"அதுக்கு நான் எதுக்கு? வாசல்ல பொம்ம நிக்குது, கூட்டிட்டுப் போங்க. அதுக்குக் கையும் வலிக்காது."

மன்றத்தில் அவர் எதிர்த்து வாக்களித்தார். ஒரே ஓட்டில் தீர்மானம் தோற்றது. ஆஸ்பத்திரி தப்பியது.

மறுநாளே கட்சியிலிருந்து நீக்கினார்கள். அது அவர் எதிர்பார்த்ததுதான். தெருவைத்தான் எதிர்பார்க்கவில்லை. முப்பது வருஷமாகக் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டும் கணவர் அவரிடம் பேசுவதை நிறுத்தினார். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும், "சாப்பாடு போடச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார். தைக்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் திரும்ப வாங்கிப்போனார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். வெறும் பழக்கம் என்றால்கூட மன்னிக்கலாம். இதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக எதிர்வீட்டுக்காரி வந்தார், ஒன்பது நாள் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு. குழந்தைக்குச் சட்டை தைக்க அரை மீட்டர் துணி கொடுத்திருந்தார்.

"வெட்டிட்டீங்களாக்கா?"

"இன்னும் இல்ல."

"அப்ப குடுத்துடுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க மாமனார் காலத்துலேர்ந்து அந்தச் சின்னத்துக்குத்தான் போடுறோம். கட்சிய இப்படி அசிங்கப்படுத்திட்டீங்களேன்னு வீட்டுல ஒரே சண்ட."

டெய்லரக்காவின் குரல் மெஷின் சத்தத்தைவிடத் தாழ்ந்தது. "இவ எங்க பொறந்தா?"

எதிர்வீட்டுக்காரி குழந்தையை மறுதோளுக்கு மாற்றினார். "அந்த ஆஸ்பத்திரியிலதான்." அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே, "அது வேற, இது வேறக்கா" என்றார்.

டெய்லரக்கா மெஷினை நிறுத்தினார். துணியை மேசையில் விரித்தார். ஒரு சாண் அகலத்துக்கு ஒரு சட்டை அதில் சாக்குக்கட்டியால் வரையப்பட்டிருந்தது. பிரஷ்ஷை எடுத்து, கழுத்து, தோள், கை என்று ஒவ்வொரு கோடாகத் தேய்த்து அழித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஏதும் மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டு, நான்காக மடித்து நீட்டினார்.