காதுவலிக்காரி

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு வாரம் முழுக்க எனக்குக் காது வலித்தது. உண்மையில் வலிக்கவில்லை. வலிப்பதாகச் சொல்லும்படி அம்மாவும் பெரியம்மாவும் கேட்டுக்கொண்டார்கள்.

பூலாம்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு நர்ஸம்மா ஒருவர் பெண்களை அங்கன்வாடியில் கூட்டி, மாதம் ஒருமுறை தங்கள் மார்பைத் தாங்களே தொட்டுப் பார்த்துக்கொள்வது எப்படியென்று, சேலைக்கு மேலேயே விரல்களை வட்டமாக நகர்த்திக் காட்டினார். அன்று அதிகம் சிரித்தவள் பெரியம்மாதான். "சும்மா இருக்கறதத் தடவிப் பாத்தா இல்லாத நோவும் வந்துடும்ங்க" என்றாள்.

அப்படிச் சொன்னவள் வீட்டுக்குப் போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பருத்தி எடுக்கும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நெல்லிக்கா கொட்டையாட்டம் ஒன்னு தட்டுப்படுது புள்ள. வலியே இல்ல. பால் மறக்கடிச்சப்ப கட்டுனதாத்தான் இருக்கும்."

"அது ஆயி பதினஞ்சு வருசம் ஆச்சுக்கா. வலி இல்லாட்டியும் காட்டணும்னு சொன்னாங்கல்ல."

"விக்கிரமங்கலத்துலேருந்து எம் பொண்ணப் பாக்க வராங்க. ஆத்தாளுக்கு மாருல கட்டின்னு தெரிஞ்சா வருவாங்களா?"

அம்மா சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். மறுநாள் காலை என் காதில் பஞ்சு வைக்கப்பட்டது. பெரியம்மா துணைக்கு வருவதாகப் பெரியப்பாவிடம் சொல்லியாயிற்று.

பெரம்பலூர் பஸ்ஸில் எதிர்வீட்டு அக்கா இருந்தாள். "பூண்டத் தட்டி நல்லெண்ணெயில காய்ச்சி வுடு" என்றாள். நான் முகத்தைச் சுளித்து இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டேன். பெரியம்மாவே ஒரு நொடி ஏமாந்துபோய் என் தலையைத் தடவினாள்.

ஆஸ்பத்திரியில் என் காதை ஒருவரும் பார்க்கவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம். பெரியம்மாவைத்தான் உள்ளே அழைத்துப்போய், சோதனைக்காகக் கட்டியிலிருந்து கொஞ்சம் ஊசியால் எடுத்து, ஒரு வாரம் கழித்து வரச்சொன்னார்கள். அந்த வாரம் பெரியம்மா எனக்குத் தினமும் பணியாரம் சுட்டுக்கொடுத்தாள். சித்தப்பாவும் அப்பாவும் மாறி மாறிக் காதை விசாரித்தார்கள். வீட்டுப்பாடம் எழுதாததற்கு அம்மா திட்டக்கூட இல்லை. அந்த வலி இன்னும் கொஞ்ச நாள் நீடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி போனபோது பெரியம்மா அறையிலிருந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சாதாரணக் கட்டிதானாம். ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டினால் போதுமாம். பிறகு என் காதிலிருந்த பஞ்சை எடுத்து எறிந்தாள். "போதும்டி, சரியாப் போச்சு."

பெரியம்மா மகளின் கல்யாணம் விக்கிரமங்கலத்திலேயே நடந்தது. வீட்டுக்கு விலக்காகி நாலைந்து நாள் கழித்துத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மணப்பெண்ணுக்கே பெரியம்மா சொல்லி அனுப்பினாள். இப்போதும் தெருவில் யாராவது வெட்கப்பட்டால், "ஒன் ஒடம்ப நீ தொட யாருகிட்டடி கேக்கணும்?" என்பாள்.

பஞ்சை எடுத்தெறிந்த அன்று திரும்பும் பஸ்ஸில் சரியான கூட்டம். உட்கார இடம் கிடைத்ததும் அம்மா பெரியம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். எங்கள் ஊர் வந்தும் எழவில்லை. நான் உலுக்கப் போனேன். "வுடுடி, அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்துக்கலாம்" என்று பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பகலில் இப்படித் தூங்குகிறாளே என்று எனக்கு அம்மாவின் மேல் கோபம். அந்த வாரம் முழுக்க அவள் கண்ணை மூடவேயில்லை என்பது பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது.