உருளைக்கிழங்கு முத்திரை

ஏப்ரல் முதல் தேதியன்று அரை உருளைக்கிழங்கில் ஏப்ரல் ஃபூலின் முதல் எழுத்துகளைச் செதுக்கி, மையில் தோய்த்து, அடுத்தவன் முதுகில் குத்தாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பள்ளிக்கூடத்துப் பழக்கம். ஆபீசுக்குப் போன பிறகும் விடவில்லை. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. புத்தி மட்டும் பத்து வயதிலேயே நின்றிருந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், அந்தத் தேதியில்தான் என் நண்பன் பெண் பார்க்கப் போனான். இரும்புலியூர்க்காரன், தினமும் தாம்பரத்தில் என்னோடு ரயில் ஏறுகிறவன். பெண் வீடு கீழ்க்கட்டளை. அவன் அம்மாவும் மாமாவும் நேரே அங்கே போய்விட, ஆபீஸ் முடிந்து துணைக்கு நான் கிளம்பினேன். புது வெள்ளை டெரிலின் சட்டை போட்டிருந்தான். வண்டியில் நல்ல நெரிசல். அந்த முதுகு என் மூக்குக்கு நேரே இருந்தது. பையில் கிழங்கும் இருந்தது. கை சும்மா இருக்கவில்லை, குத்திவிட்டேன்.

பல்லாவரத்தில் இறங்கியதும் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இறங்கியதும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெண்ணின் போட்டோவை ஒரு மாதமாகப் பர்ஸில் வைத்திருப்பதாகச் சொன்னான். முத்திரையைப் பற்றிச் சொல்லாமலே அவனோடு நடந்தேன்.

பெண் வீட்டில் அவன் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்ததால் நான் பிழைத்தேன். பெண் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். கல்லூரியில் படிக்கும் அவள் தம்பி எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பஜ்ஜி வைத்தான். எல்லார் முகத்திலும் சம்மதம் தெரிந்தது.

தெருவுக்கு வந்ததும் மாமா அவன் முதுகில் முத்திரையைப் பார்த்துவிட்டார். நண்பன் என் பக்கம் திரும்பினான்.

"நீ பின்னாடியே வந்தியே மச்சான். வரும்போது இருந்துச்சா?"

"இல்லையே" என்றேன். அந்தத் தம்பிதான் நாற்காலிக்குப் பின்னால் நின்றான் என்றும், யாரும் கேட்காமலே, சேர்த்துச் சொன்னேன்.

மாப்பிள்ளையைக் கேலி பண்ணுகிற வீட்டில் சம்பந்தமே வேண்டாம் என்றார் மாமா. காரணம்கூடச் சொல்லி அனுப்பவில்லை. நண்பன் இரண்டு நாள் பர்ஸைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போட்டோவைத் திருப்பி அனுப்பினான். அந்த இரண்டு நாளில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடித்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். பயந்தாங்கொள்ளி, சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த வாரம் பெண்ணின் அப்பா தாம்பரம் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். நண்பன் அன்று லீவு. காலை நேரக் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"எங்க மேல இன்னா குறை தம்பி? பொண்ணு சரியா சாப்புடாம கீது. நீங்களாவது சொல்லுங்க, சரி பண்ணிக்கிறோம்."

தெரியாது என்றேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது. எனக்கு ஆபீசுக்கு நேரமாகிறதே என்று அவரே கூட்டத்தை விலக்கி, நான் ஏறுவதற்கு வழி பண்ணிக் கொடுத்தார்.