பிரிட்ஜின் முதுகு

அல்லைப்பிட்டி அல்போன்சம்மாவுக்குக் கோபம் வந்தால் வீட்டுச் சாமான்கள் முற்றத்துக்கு வந்துவிடும். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு சித்திரை வெயிலில் அரை வீடே வெளியில் வந்தது. காரணம், கணவர் பஸ்ரியாம்பிள்ளையின் பகல் நித்திரை.

இரவெல்லாம் கடலில் வலை இழுக்கிற மனிதருக்குப் பகலில் படுத்தால்தான் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே பாவம், பொரிகிற மீன் மாதிரிப் புரண்டார். அந்த வாரம் கடலிலேயே கண்ணயர்ந்து, வள்ளத்திலிருந்து விழப் பார்த்தார்.

“இஞ்சேரும், நாளையிலையிருந்து நான் சவுந்தரி வீட்டை போய்ப் படுக்கப்போறன். அவளின்ரை ஓலை வீடு நல்ல குளிர்ச்சி.”

ஞானசவுந்தரி அவருடைய தங்கை. இரண்டு வேலி தள்ளி இருப்பவர். புருசனுக்குப் படுக்க இடம் கொடுக்காதவள் என்ற பெயர் ஊரெல்லாம் பரவ அந்த இரண்டு வேலி தாராளம். அல்போன்சம்மா சேலையை வரிந்து செருகினார்.

வீட்டைச் சூடாக்கும் குசினி அடுப்பு முருங்கை மரத்தடிக்குப் போனது. கரி அயன்பெட்டி கோழிக்கூட்டின் மேல் ஏறியது. குண்டு பல்புக்குப் பகலில் தடை. “மாதாவே, நீங்களும் கொஞ்சம் பொறுக்கவேணும்” என்று கேட்டுக்கொண்டு மெழுகுதிரியையும் அணைத்தார்.

மிஞ்சியது பிரிட்ஜ். பிரான்சிலிருக்கும் மகன் கிளின்ரன் வாங்கித் தந்தது. வருகிறவர்கள் கண்ணில் படவேண்டுமே, அதனால் ஹோலில் நின்றது. குளிர் தருகிற சாமானை யார் வெளியேற்றுவார்கள்? அல்போன்சம்மா அதன் கதவை அகலத் திறந்து, முன்னால் கணவருக்குப் பாயை விரித்தார்.

முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம். பஸ்ரியாம்பிள்ளை கால்விரல்களை ஆட்டிச் சிரித்தார். ஒரு மணித்தியாலத்தில் வியர்வையில் தோய்ந்து எழும்பினார். ஹோல் முன்பைவிட வெந்தது.

“நான் சவுந்தரியிட்டைப் போறன்.”

“நில்லுங்கோ!” என்று மறிக்க ஓடிய அல்போன்சம்மாவின் கை பிரிட்ஜின் பின்பக்கத்தில் பட்டது. “ஐயோ, இஞ்சை பாருங்கோ! வெளியிலை விட்ட அடுப்பு இதுக்குப் பின்னாலை ஒளிச்சிருக்கு!”

முன்னால் குளிரைக் காட்டி, முதுகால் அத்தனை சூட்டையும் ஹோலுக்குள்ளேயே கொட்டியிருக்கிறது, கள்ளப் பெட்டி. இருவருமாகத் தள்ளி அதைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் விட்டார்கள். அடுத்த நாள் மத்தியானம் பஸ்ரியாம்பிள்ளையின் குறட்டை தெருவரை கேட்டது. அல்போன்சம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோசத்தில்.

மூன்றாம் நாள் வேலிப் படலை திறந்தது. கக்கத்தில் தலையணையோடு ஞானசவுந்தரி.

“மச்சாள், ஓலை வீடெண்டாலும் அடுப்பு உள்ளுக்கெல்லோ எரியுது. படுக்க ஏலாது. இஞ்சை ஒரு மூலை கிடைக்குமோ?”

“ஓம், வாரும் வாரும்!” அல்போன்சம்மா புதுப்பாயையே விரித்துக் கொடுத்தார்.

அண்ணனும் தங்கையும் நன்றாகத் தூங்கினார்கள். அல்போன்சம்மா மட்டும் கொதிக்கிற வெயிலில் படலையடியில் நின்றார். தெருவால் யாராவது வந்தால், சவுந்தரியே இங்கே வந்து படுத்திருக்கிற கதையைச் சொல்லவேண்டுமே.